ஊரடங்கும் ஓதலும்: அடைபட்ட வீட்டில் பழநூல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 25 அன்று கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அந்தச் சித்திரையில் அழகர் வைகையில் இறங்கவில்லை. மே 4 அன்று நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தை மதுரைக்காரர்களே செல்போனில்தான் பார்த்தார்கள். பெரிய கோயில்களின் நடை தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 அன்றுதான் பக்தர்களுக்குத் திறந்தது. அந்த ஐந்தாறு மாதத்தில், தேவாரம் பாடும் ஓதுவாரும், பாசுரம் பாடும் அரையரும், கதை சொல்லும் உபன்யாசகரும் சொல்லக் கேட்டே பழகிய நூல்களைப் பலரும் தாங்களே கையில் எடுத்தார்கள். முதல் வாரம் உற்சாகமாகப் போனது. மூன்றாம் வாரம் புத்தகம் டிவி ஸ்டாண்டின் அடித்தட்டுக்குப் போய்விட்டது.

அப்படிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நூல் தேர்வுதான். ‘இருக்கிற நேரத்தில் கம்பராமாயணம் முழுவதையும் முடித்துவிடலாம்’ என்று கிளம்பினால் தொடக்கத்தில் வரும் நாட்டுப்படலத்திலேயே மூச்சு வாங்கும். அன்றைக்கு வீடு எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற நூலை எடுப்பதே வழி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது. பெருந்தொற்று என்றில்லை, டெங்கு வந்த வீடு, அம்மை போட்ட வீடு, அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் படுத்திருக்கும் வீடு எதற்கும் இது பொருந்தும்.

படி 1: பாராயணமா, வாசிப்பா?

இரண்டும் வேறு வேறு வேலைகள். பாராயணத்தில் ஒலிதான் முதல். பொருள் புரியாவிட்டாலும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போக வேண்டும். வாசிப்பில் ஒரே சொல்லில் பத்து நிமிடம் நின்றாலும் தவறில்லை. வீட்டில் பாட்டிக்குப் பாராயணம் வேண்டும், கல்லூரியில் படிக்கும் பேரனுக்கு வாசிப்பு வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே அமர்வில் திணிக்காதீர்கள். பாட்டி விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லும் அரை மணி நேரத்தில் நடுவே புகுந்து ‘இதுக்கு என்ன அர்த்தம் பாட்டி?’ என்று கேட்டால் இருவருக்குமே எரிச்சல்தான் மிஞ்சும். காலையில் அவருக்கு, மாலையில் இவனுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். குறளுக்கும் சங்கப் பாட்டுக்கும் அவர்களிடம் தடையிருக்காது. தேவாரம் படிக்கும் நேரத்தில் அவர்கள் எழுந்து போனால் போகட்டும். அடைபட்ட வீட்டில் கட்டாயப்படுத்துவதைப்போல நாள் முழுவதையும் கெடுக்கும் காரியம் வேறில்லை.

படி 2: நேரம்

விளக்கு வைக்கிற நேரம், இருபது நிமிடம், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் படிக்கலாமே என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கக் கூடாது. ஊரடங்கில் மூன்று வேளைச் சமையல், நடுவில் இரண்டு முறை காபி, பாத்திரம் என்று வேலையெல்லாம் பெண்கள் தலையில் ஏறியது. அம்மாவை உள்ளே வேலை செய்யவிட்டு மற்றவர்கள் கூடத்தில் சங்க இலக்கியம் படிப்பது பார்க்கச் சகிக்காது. காய் நறுக்கும் வேலையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பங்கு போட்டுக்கொண்டே கேட்கலாம். படிப்பவரைத் தவிர மற்ற எல்லாருடைய கைகளும் சும்மாதானே இருக்கின்றன!

படி 3: வீட்டின் நிலை பார்த்து நூலை எடுங்கள்

காய்ச்சல் நுழைந்த வீட்டில்:

சைவர் வீடென்றால் திருநீலகண்டப் பதிகத்தில் தொடங்கலாம். கொங்கு நாட்டில் திருக்கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், ஞானசம்பந்தருடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தபோது பாடியது என்கிறது பெரியபுராணம். சைவப் பாடல்களின் தொகுப்பான திருமுறைகளில் முதலாவதில் 116-ஆம் பதிகம். ‘தீண்டப்பெறா திருநீல கண்டம்’ என்று பாட்டுக்குப் பாட்டு வரும் முடிப்பு குழந்தைகளுக்கு ஒரே நாளில் வாயில் நின்றுவிடும். ஆனால் நான் நிறுத்திப் படிக்கச் சொல்வது அதன் தொடக்கத்தை:

அவ்வினைக்கு இவ்வினை ஆமென்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே

‘அன்று செய்த வினைக்கு இன்று இது என்று சொல்கிறீர்களே, பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா?’ என்று கேட்கிறார். காய்ச்சலில் கிடப்பவரிடம் ‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொல்ல வருகிற உறவினருக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. பரிசோதனைக்குப் போவதும் உய்வினை நாடுவதுதான், மாத்திரையை வேளை தவறாமல் போடுவதும் அதுதான்.

வைணவர் வீட்டில் பெரியாழ்வார் திருமொழியில் ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருமொழி. ‘நெய்க்குடத்தைப் பற்றி ஏறும் எறும்புகள்போல் நிரந்தெங்கும் கைக்கொண்டு நிற்கின்ற நோய்காள்’ என்று நோய்களைக் கூப்பிட்டு, காலத்தோடு பிழைத்து ஓடிப்போங்கள் என்று விரட்டுகிறார் ஆழ்வார். உடம்பு ஒரு பட்டணம். முன்புபோல் காவலில்லாமல் கிடக்கவில்லை, உள்ளே பெருமாள் பாம்பணையோடு வந்து படுத்திருக்கிறார் என்பது ‘பண்டன்று பட்டினம் காப்பே’ என்ற முடிப்பின் பொருள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று சத்தமில்லாமல் உடம்பில் ஏறுவதை எறும்பாகச் சொன்ன இடத்தை, கிருமி என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்குப் படித்துக்காட்டலாம்.

குலசேகராழ்வாரின் வித்துவக்கோட்டுப் பாசுரம் ஒன்றும் நோயாளிக்கு ஏற்றது. ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்’ என்று, இறைவன் மேலுள்ள அன்புக்கு அவர் உவமையாக எடுத்ததே நோயாளி மருத்துவர்மேல் வைக்கும் நம்பிக்கையைத்தான். பக்தி இலக்கியம் மருத்துவருக்கு எதிர்க்கட்சி என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அம்மை போட்ட வீட்டின் வழக்கமும் இதே கதைதான். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார். வீட்டாரும் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். மாலையில் மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். தனித்திருத்தலும் பாட்டும் அங்கே ஒன்றாகவே இருந்தன. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. 2021-இல் அதே கோவைப் பக்கம் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது பலர் சிரித்தார்கள். பிளேக் மாரியம்மனை அறிந்தவர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

ஒருவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்ட வீட்டில்:

சங்க இலக்கியத்தில் முல்லைத் திணைக்கு உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இருத்தல். பிரிந்தவர் வரும்வரை வீட்டில் ஆற்றியிருப்பது. ஊரடங்குக்கு இதைவிடப் பொருத்தமான திணை இல்லை. இங்கே நான் ஒரே ஒரு நூலைத்தான் சொல்வேன்: நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டிலேயே சிறியது, 103 அடி. நாளைக்கு இருபது அடி என்றால் ஐந்தாறு மாலையில் முடியும்.

மழை பெய்யும் மாலையில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவித் தொழுது, நற்சொல் ஏதும் காதில் விழாதா என்று காத்து நிற்கிறார்கள். சிறு கயிற்றில் கட்டிய கன்று தாயைக் காணாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. குளிரில் நடுங்கும் தோளில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர்மகள் அதனிடம், ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். இதோ வந்துவிடுவார்கள் உன் அம்மாக்கள் என்று கன்றுக்குச் சொன்ன சொல், போருக்குப் போன தலைவனுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு நற்சொல் ஆகிறது. பாட்டு அதோடு நிற்காமல் பாசறைக்குப் போகிறது. அங்கே அரசன், வெட்டுப்பட்ட யானைகளையும் புண்பட்டு மாண்ட வீரர்களையும் நினைத்துத் தூக்கம் பிடிக்காமல் கிடக்கிறான். வீட்டில் இருப்பவளின் இரவும் வெளியே மாட்டிக்கொண்டவனின் இரவும் அடுத்தடுத்து வருகின்றன. வெளிநாட்டில் விமானம் இல்லாமல் நின்றுபோன மகனோடு வீடியோ அழைப்பில் இதைப் படிப்பதென்றால், வீட்டுப் பகுதியை வீட்டாரும் பாசறைப் பகுதியை அவரும் படிக்கட்டும்.

குழந்தைகள் அலுத்துப்போன வீட்டில்:

திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. மூன்றுமே மருந்தின் பெயர் கொண்ட நீதி நூல்கள். நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலிபோல வெண்பாவுக்கு மூன்று கருத்து சொல்லும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து மூன்றையும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். 2020-இல் தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரிலும் சுக்கும் திப்பிலியும் இருந்தன என்று சொன்னால் முகம் சுளித்துக்கொண்டே கேட்பார்கள். பிறகு ‘இன்று நீ செய்த நல்லது மூன்று சொல்’ என்று அவர்களையே அந்த அச்சில் ஒரு வாக்கியம் கட்டச் சொல்லலாம். வெண்பா இலக்கணத்தை இப்போது இழுக்க வேண்டாம்.

பயம் பிடித்த வீட்டில்:

அப்பரையும் வள்ளுவரையும் எதிரெதிரே உட்காரவையுங்கள். நான்காம் திருமுறையின் இரண்டாம் பதிகத்தில் ‘அஞ்சுவது யாதொன்றும் இல்லை அஞ்ச வருவதும் இல்லை’ என்கிறார் அப்பர். குறள் 428 ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்கிறது. எது சரி என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். முகக்கவசம் போடாமல் சந்தைக்குப் போகும் பெரியப்பா, கதவுக் கைப்பிடியைக் கூடத் தொடாத அக்கா என்று வீட்டு ஆட்களே உதாரணங்களாக வந்து விழுவார்கள். என்னைக் கேட்டால், எச்சரிக்கை வள்ளுவருடையது, அதற்குப் பிறகும் மிஞ்சும் நடுக்கத்துக்கு மருந்து அப்பருடையது. ‘கூற்றாயினவாறு விலக்ககலீர்’ என்று சூலை நோயின் வலியில் கதறித் தொடங்கியவர்தான் இதையும் பாடியிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

காரணம் தேடும் மனமுள்ளவர்களுக்கு வடமொழியில் சரக சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல் இருக்கிறது. அதில் விமானஸ்தானம் என்ற பகுதியின் மூன்றாம் அத்தியாயம் கொள்ளைநோய் பற்றியது. உடல்வாகும் உணவும் வயதும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும்போது ஒரே நேரத்தில் ஒரே நோயில் ஊரே அழிவது எப்படி என்று அக்னிவேசர் கேட்கிறார். காற்று, நீர், நிலம், காலம் என்ற நான்கும் எல்லாருக்கும் பொது, அவை கெட்டால் எல்லாரையும் தாக்கும் என்கிறார் அவருடைய ஆசிரியர் ஆத்ரேயர். அதற்கு அடியிலிருக்கும் காரணமாக, நாட்டுத் தலைவர்கள் அறம் பிறழ்வதையும் சேர்க்கிறார். இதைப் படித்த மாலையில் வீட்டில் அரசியல் பேச்சு வந்தே தீரும். வரட்டும்.

நீண்ட நாள் பாராயணம் வேண்டுமென்றால் நாராயணீயம் எடுக்கலாம். வாத நோயோடு குருவாயூரில் அமர்ந்து மேல்புத்தூர் நாராயண பட்டதிரி பாடியது, 100 தசகம் (ஏறக்குறையப் பத்துப் பாட்டுக் கொத்து). நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் நூறு நாள். வால்மீகி சுந்தரகாண்டம் 68 சர்க்கம். சில சர்க்கங்கள் நீளம் என்பதால் நாள் கணக்கு முன்பின்னாகும்.

படி 4: உரையும் பதிப்பும்

மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள். புத்தகக் கடை பூட்டியிருந்தாலும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மூலங்கள் இலவசமாகக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடு பல நூல்கள் உள்ளன. குறுந்தொகைக்கு உ.வே.சா.வின் 1937 பதிப்பு: பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை என்று ஒரு நல்ல ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து சொல்வதுபோல் இருக்கும். குறளுக்கு இரண்டு உரை வைத்துக்கொள்ளுங்கள். பரிமேலழகர் ஒன்று, இக்கால உரை ஒன்று. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பேச்சு சூடு பிடிக்கும்.

செல்போனில் படிப்பதைவிட, அன்றைய பாட்டை ஒருவர் கையால் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது. தாத்தாவுக்கும் தெரியும், போகிற வருகிற நேரமெல்லாம் கண்ணில் படும்.

படி 5: ஒரு பாட்டை உடைத்துப் படிப்பது எப்படி

கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167-ஐ எடுத்துக்கொள்வோம்.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

முதலில் ஒருவர் நிறுத்தாமல் உரக்கப் படிக்கட்டும். பொருள் தெரியாத வாய்க்கும் இந்தத் தாளம் பிடிபடும்.

அடுத்து, தெரிந்த சொல்லை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். தயிர், விரல், குவளை, புகை, புளி, கணவன், முகம். ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டில் பாதி தெரிந்த சொல்லாக இருப்பது புதிதாக வருபவருக்குப் பெரிய தைரியம்.

பிறகுதான் தெரியாதவை. முளிதயிர் முற்றிய தயிர், கலிங்கம் ஆடை, குய் தாளிப்பு, அட்ட என்றால் சமைத்த. இப்போது காட்சியைச் சேருங்கள். தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்ற நேரமில்லாமல் உடுத்தியபடியே நிற்கிறாள், தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் நிறைகிறது. அப்படித் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சாப்பிட்டான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது.

யார் யாரிடம் சொல்வது என்று கடைசியில் பாருங்கள். புதுக்குடித்தனத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். அதற்குமேல் கேள்வி கேட்கும் நேரம். ‘நல்லா இருக்கு’ என்று இந்த வீட்டில் கடைசியாக யார், யாரிடம் சொன்னது? இன்றைக்கும் அவள்தான் தனியாகப் புகையில் நிற்க வேண்டுமா? பாட்டைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடாமல் அதனோடு சண்டையும் போடலாம். பழையது என்பதற்காக ஒரு பாட்டை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

சங்கப் பாட்டு எதற்கும் இந்த வரிசை போதும். ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் வேண்டாம்.

படி 6: அறைக்குள் தனித்திருப்பவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

அறைக் கதவுக்கு வெளியே நின்று கத்திப் படிப்பதைவிட, வாட்ஸ்அப் குரல் செய்தி நல்லது. அவர் தூங்கி எழுந்து தோதான நேரத்தில் கேட்டுக்கொள்வார். மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். அவரையே பாடச் சொல்லாதீர்கள்; இருமலும் மூச்சிரைப்பும் உள்ளவருக்கு உரக்க ஓதுவது பெரும் உழைப்பு. கேட்பது போதும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, மூச்சுத் திணறினாலோ புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ‘பதிகம் முடியட்டும்’ என்ற பேச்சே கூடாது. மருத்துவத்துக்குக் குறள் 950 நான்கு உறுப்பைச் சொல்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, மருந்தை அருகிருந்து கொடுப்பவன். வீட்டில் இருக்கும் நாம் அந்த நான்காவது ஆள். நம் வேலை அளவு பார்த்து, நேரம் பார்த்துக் கொடுப்பது.

படி 7: சாவு விழுந்த வீட்டில்

2020-21 ஊரடங்குகளில் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்குமேல் கூடக்கூடாது என்றிருந்தது. வர முடியாதவர்கள் ஆளுக்கொரு வீட்டில் அழுதார்கள். அப்படிப்பட்ட நாட்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைச் சொல்வது ஓரளவு கூட்டத்தின் இடத்தை நிரப்பும். சைவர்களுக்குச் சிவபுராணம் தெரிந்ததுதான், 95 அடி, நிதானமாகச் சொன்னாலும் நீளாது. வைணவர்களுக்குத் திருவாய்மொழியில் ‘சூழ்விசும் பணிமுகில்’ என்று தொடங்கும் பதிகம். இந்திய நேரம் மாலை ஏழு மணி என்று சொல்லிவிட்டால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அவரவர் கடிகாரம் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள்.

இரண்டையும் சொல்ல மனம் வராத வீட்டுக்குப் புறநானூறு 194 இருக்கிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ‘ஓரில் நெய்தல் கறங்க ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’ என்று, ஒரு வீட்டில் சாப்பறையும் ஒரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் காட்டிவிட்டு, இப்படிப் படைத்தவனைப் ‘பண்பிலாளன்’ என்று திட்டுகிறார். துக்க வீட்டில் ‘கடவுள் ஏன் இப்படிச் செய்தார்’ என்று ஒருவர் வெடித்தால் அவர் வாயை அடைக்க வேண்டாம், ஒரு புலவர் முன்பே கேட்டிருக்கிறார். கடைசி அடியில் ‘இனிய காண்க’ என்று வருவதை அன்றைக்கே விளக்கப் புகாதீர்கள். அதற்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகு நேரம் இருக்கும்.

படி 8: தவிர்க்க வேண்டியவை

‘இந்தச் சுலோகத்தை இத்தனை முறை சொன்னால் வைரஸ் அழியும்’ என்று வரும் செய்திகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். விஷ்ணு சகஸ்ரநாமத்தின் பலன் சொல்லும் பகுதியான பலசுருதியில் ‘ரோகார்த்தோ முச்யதே ரோகாத்’ (நோயால் வருந்துபவர் நோயிலிருந்து விடுபடுவார்) என்று இருப்பது உண்மை. அதை நம்பிச் சொல்பவர் சொல்லட்டும். அதைக் காட்டித் தடுப்பூசி வேண்டாம் என்பவர்தான் ஆபத்தானவர்.

இன்னொன்று ஆசாரக்கோவை. பெருவாயின் முள்ளியார் எழுதிய நூறு பாட்டு. ‘நீராடிக் கால்கழுவி வாய்பூசி’ உண்ணச் சொல்லும் பாட்டை எடுத்து, முன்னோர் அன்றே கைகழுவச் சொன்னார்கள் என்று பலர் பெருமைப்பட்டார்கள். கழுவுவது நல்லதுதான். ஆனால் அதே நூலில் எச்சிலோடு இன்னாரைத் தீண்டாதே என்ற விதியும், பெண்களின் மூன்று நாளைத் ‘தீண்டாநாள்’ என்று ஒதுக்கும் பாட்டும் உண்டு. ஆறடி இடைவெளியைச் சாதித் தீண்டாமைக்குச் சான்றிதழாக்கப் பார்த்தவர்கள் 2020-இல் இருந்தார்கள். தொற்றுக்காக விலகி நிற்பவர் நோய் போனதும் கைகோத்துக்கொள்வார். தீட்டுக்காக விலக்குபவர் எந்த நாளும் சேர்க்கமாட்டார். பிள்ளைகளோடு அந்த நூலைப் படிப்பதானால் இந்த வேறுபாட்டைச் சொல்லியே படியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

படி 9: கதவு திறந்த பிறகு

அலுவலகமும் பள்ளியும் திறந்ததும் தினசரி வாசிப்பு நிற்கும். வாரம் ஒரு நாளாக்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு மாலை தோதுப்படும். மார்கழி வந்தால் எதைப் படிப்பது என்ற கேள்வியே இல்லை. திருப்பாவை முப்பது பாட்டு, திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்துமாக இன்னொரு முப்பது. மாதத்தில் 29 நாள்தான் வருகிற ஆண்டில் கடைசி இரண்டு பாட்டையும் ஒரே நாளில் சொல்லி முடிப்பது வழக்கம். அதிகாலையில் எழ முடியாதவர்களுக்காக இரவே ஒரு முறை படித்துப் பொருள் பார்த்துவிட்டு, காலையில் விழித்தவர் மட்டும் ஒலிக்கலாம்.